மிலான் நகரத்து எண்கோணத் தொட்டி

இத்தாலி நாட்டின் வடபகுதியிலுள்ள மிலான் மாநகரின் பேராலய முற்றத்தில் நிற்கும் எவரும் அண்ணாந்து பார்க்காமல் இருப்பதில்லை. 1386-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, முழுமை பெற ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட சலவைக்கல் ஆலயம் அது. காடுபோல் அடர்ந்த கூர்மாடங்கள். மாடந்தோறும் புனிதர்களின் சிலைகள். எல்லாவற்றிற்கும் மேலே, வெயிலில் பொன்னாய் ஒளிரும் தேவதாயின் திருவுருவம். கையில் கைப்பேசியும் கழுத்தில் வலியுமாக நூற்றுக்கணக்கானோர் அங்கே மேல்நோக்கி நிற்கின்றனர். அவர்களுடைய காலடியின் கீழ், அந்த முற்றத்துக் கற்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே.

2025 யூபிலி ஆண்டை முன்னிட்டு எங்கள் மறைமாவட்டத்திலிருந்து உரோமைக்குச் சென்ற திருப்பயணக் குழுவில் அடியேனும் ஒருவன். புனித அகுஸ்தினார் சபைத் துறவி ஒருவர் அவ்வாண்டு மே 8-ஆம் நாள் பதினான்காம் சிங்கராயர் என்ற பெயருடன் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதிலிருந்து, எங்கு திரும்பினாலும் அகுஸ்தினாரைப் பற்றியே பேச்சாக இருந்தது. பயணத்தின் இறுதியில் மிலானில் ஒன்றரை நாள் தங்கினோம். மற்றவர்கள் மின்தூக்கியில் ஏறிக் கூரையைக் காணச் சென்றனர். நான் மட்டும் ஆலயத்தின் உள்ளே, தலைவாயிலை ஒட்டிய படிக்கட்டில் கீழே இறங்கினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல அந்த ஆண்டின் தவக்காலத்திற்குத் திரும்ப வேண்டும்.

சாம்பல் புதன் கழிந்த சில நாட்களில், பங்கைச் சேர்ந்த ஒரு தாய் அறைவீட்டிற்கு வந்தார். கோவில் துப்புரவுப் பணியிலிருந்து மாதாசபை வரை எல்லாவற்றிலும் கைகொடுப்பவர். "தோத்திரம் சாமி" என்றவர் அதற்குமேல் பேச இயலாமல் நின்றார். விசாரித்தபோது செய்தி வெளிவந்தது. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் அவருடைய மூத்த மகன், அங்குள்ள ஒரு செபக்குழுவினருடன் சேர்ந்து, ஆற்றில் இறங்கி மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றுவிட்டாராம். "முப்பதாம் நாளிலே பட்டுத்துணியில் சுற்றிக் கோவிலுக்குத் தூக்கிவந்தேனே சாமி. அப்படியானால் அன்றைக்கு நாங்கள் கொடுத்தது பொய்யா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே மகனும் வந்தார். தானாக வரவில்லை, தாய் அழைத்து வந்தார். கையில் விவிலியம் இருந்தது. நன்றாகப் பயன்படுத்தப்பட்டு, ஓரங்கள் மடிந்து, பக்கத்துக்குப் பக்கம் கோடிடப்பட்ட நூல். மிகுந்த மரியாதையுடன்தான் பேசினார். பெந்தகோஸ்தே நாளன்று இராயப்பர் முதலில் மனந்திரும்பச் சொன்னார், பிறகே ஞானஸ்நானம் பெறச் சொன்னார்; முப்பது நாள் குழந்தை எதிலிருந்து மனந்திரும்ப முடியும்? குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது? எழுதாத ஒன்றைத் திருச்சபை எந்த அதிகாரத்தால் செய்கிறது? இவையே அவருடைய கேள்விகள்.

குருமடத்தில் நான்கு ஆண்டுகள் இறையியல் பயின்றவன் நான். விடைகள் எனக்குத் தெரியும். ஆயினும் அன்று நான் விடை சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் போட்டு, "இதில் உன் பெயர் இருக்கிறது. அடித்துவிடட்டுமா? சொல்!" என்று கேட்டேன். தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த ஏட்டை மீண்டும் அலமாரியில் வைத்தபோது என் கை நடுங்கியது. சினத்தால் என்றே அன்று நினைத்தேன்.

மிலான் பேராலயத்தின் கீழே இறங்கும்போது என்னோடு இறங்கியது அந்த நினைவுதான்.

கீழே ஒளி குறைவு. 1960-களின் தொடக்கத்தில் நகரின் சுரங்க இரயில் பாதைக்காக இம்முற்றத்தின் கீழே தோண்டியபோதுதான் இந்த இடம் தெளிவாக வெளிப்பட்டது. நான்காம் நூற்றாண்டின் ஞானஸ்நான மண்டபம்; 'ஊற்றருகில் உள்ள அருளப்பர்' என்று ஸ்நாபக அருளப்பரின் பெயரால் வழங்கப்படுவது. கூரை இல்லை, சுவர்களில் பெரும்பகுதி இல்லை. மாடக்குழிகளின் அடிப்பகுதிகளும், தரைக்கற்களின் துண்டுகளும், நடுவே எட்டுப் பக்கங்கள் கொண்ட ஒரு பெரிய தொட்டியின் அடித்தளமும் எஞ்சியுள்ளன. நம் ஊரில் தண்ணீர் வற்றிய பழைய தெப்பக்குளத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அருகில் நின்ற ஒரு சிறுமி தன் தந்தையிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு மேலே ஓடிவிட்டாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை.

தொட்டிக்கு ஏன் எட்டுப் பக்கங்கள்? ஆறு நாட்களில் படைப்பு, ஏழாம் நாளில் ஓய்வு. வாரம் முடிந்தபின் வரும் எட்டாம் நாளே நம் ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள். நோவேயின் பேழையில் தண்ணீரினின்று காப்பாற்றப்பட்டவர் எண்மர் என்பதையும், அது ஞானஸ்நானத்தின் முன்னடையாளம் என்பதையும் இராயப்பர் தம் முதல் திருமுகத்தில் எழுதியுள்ளார். இந்த எட்டின் பொருளை விளக்கும் எட்டு ஈரடிச் செய்யுட்கள் ஒருகாலத்தில் இம்மண்டபத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றை இயற்றியவர் ஆயர் புனித அம்புரோசியாரே என்பது மரபு. கல்லிலும் வேதம் பேசிய காலம் அது.

387-ஆம் ஆண்டு, ஏப்ரல் 24-ஆம் நாள் இரவு, விடிந்தால் பாஸ்கா. அன்றிரவு இந்தத் தொட்டியில் இறங்கியவர்களில் மூவரை நாம் அறிவோம். ஒருவர் அகுஸ்தினார், வயது 32. அடுத்தவர் அவருடைய மகன் அதெயொதாத்துஸ். சுமார் 15 வயது. மூன்றாமவர் நண்பர் அலிப்பியுஸ். இந்நாளுக்காகத் தம் உடலை ஒறுத்து, குளிரில் உறைந்த இத்தாலிய மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர். அன்னை மோனிக்காவும் அப்போது மிலானில் இருந்தார். பிள்ளைக்காகப் பல்லாண்டுகள் அழுத அவர், அதே ஆண்டில் ஓஸ்தியா துறைமுகத்தில் உயிர்நீத்தார்.

அந்த இரவு எப்படி நடந்தது என்பதை அம்புரோசியாரின் மறைவிளக்க உரைகளிலிருந்து ஓரளவு தொகுத்துக் காணலாம். தவக்காலம் முழுவதும் ஆயர் நாள்தோறும் பிதாப்பிதாக்களின் வரலாற்றையும் நீதிமொழிகளையும் விளக்கியிருப்பார். விசுவாசப் பிரமாணத்தை வாய்வழியாகக் கற்பித்து, எழுதிவைக்காமல் நெஞ்சில் பதித்துக்கொள்ளச் சொல்லியிருப்பார். அவ்விரவில் ஆயர் அவர்களுடைய செவிகளைத் தொட்டுத் திறப்பார். மல்யுத்த வீரரைப்போல் எண்ணெய் பூசப்பெற்றுப் பசாசை விட்டுவிடுவதாக வாக்களிப்பர். தொட்டியில் இறங்கியதும் பிதாவிலும், சுதனிலும், பரிசுத்த ஆவியிலும் விசுவாசம் உண்டா என மும்முறை கேள்வி, மும்முறை விடை, மும்முறை நீரில் மூழ்குதல். கரையேறியபின் தலையில் தைலம், வெண்ணாடை. ஆயர் குனிந்து புதுக்கிறிஸ்தவர்களின் பாதங்களையும் கழுவுவார். பாதம் கழுவும் இவ்வழக்கம் அந்நாளில் உரோமையில் இல்லை. உரோமைத் திருச்சபையை எல்லாவற்றிலும் பின்பற்ற விரும்புவதாகவும், ஆயினும் தங்களுக்கும் அறிவு உண்டென்றும் அம்புரோசியார் சொன்னதைக் குருமடத்தில் படித்தபோது நாங்கள் சிரித்தோம்.

இதையெல்லாம் எண்ணியபடி கம்பித் தடுப்பில் கைவைத்து நின்றேன். அப்போது ஓர் உண்மை என்னைச் சுட்டது. திருப்பூரிலிருந்து வந்த அந்தத் தம்பி இங்கே நின்றிருந்தால் மகிழ்ந்திருப்பார்! வளர்ந்த மனிதர், கண்ணீரோடு மனந்திரும்பியவர், வேதத்தைத் தானே வாசித்தவர், பிறகு தண்ணீரில் இறங்கினார். அவர் கேட்டது இதைத்தானே? இதை மறைப்பது நேர்மையாகாது. பெரியோரைப் படிப்படியாக ஆயத்தம் செய்து, பாஸ்கா இரவில் ஞானஸ்நானம் அளிக்கும் அந்தப் பழைய முறையைத் திருச்சபையே 1972-இல் புதிய சடங்குநூல் வழியாக மீண்டும் உயிர்ப்பித்திருக்கிறது.

ஆனால் அகுஸ்தினார் ஏன் 32 வயதுவரை காத்திருந்தார் என்று கேட்டால் கதை மாறுகிறது. சிறுவனாக இருந்தபோது கடும் வயிற்றுநோய் கண்டு, சாவை அஞ்சி, ஞானஸ்நானம் வேண்டும் என்று அவர் மன்றாடினார். தாய் அவசரமாக ஏற்பாடு செய்தார். நோய் திடீரெனக் குணமாயிற்று, ஏற்பாடும் கைவிடப்பட்டது. காரணம்? ஞானஸ்நானத்திற்குப்பின் செய்யும் பாவம் மிகக் கொடியது. இளமைத் துடுக்கு அடங்கட்டும், பிறகு கொடுக்கலாம் என்பது அக்காலத்துப் பெற்றோரிடையே பரவியிருந்த கணக்கு. பேரரசர் கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். இதே அம்புரோசியார் 374-இல் மிலான் மக்களால் ஆயராகத் தெரிந்துகொள்ளப்பட்டபோது ஆளுநர் பதவியில் இருந்தவர், ஞானஸ்நானமே பெறாதவர்! அவசரமாக ஞானஸ்நானம் பெற்று, ஒரு வாரத்திற்குள் ஆயரானார். மனந்திரும்புதல் முழுமையாகட்டும் என்ற பக்தியைவிட, கழுவும் நீரைக் கடைசிவரை சேமித்து வைக்கும் தந்திரமே அந்தத் தாமதத்தில் மிகுதி.

அத்தாமதத்தைப் பற்றி அகுஸ்தினார் என்ன நினைத்தார்? தாம் விரைவில் குணமாக்கப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் வருந்தி எழுதுகிறார். வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் தலைசிறந்தவர் என்று நாம் காட்டும் மனிதரே, பிள்ளைப் பருவத்திலேயே கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார். குழந்தைகளின் ஞானஸ்நானம் அப்போஸ்தலர் வழிவந்தது என்பதைப் பின்னாளில் உறுதியாகக் கற்பித்தவரும் அவரே.

அது அவர் புதிதாகக் கண்டதும் அன்று. பெந்தகோஸ்தே நாளில் மனந்திரும்பச் சொன்ன அதே இராயப்பர், அடுத்த வசனத்திலேயே வாக்குறுதி உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது என்கிறார். பிலிப்பியில் லீதியாளும் சிறைக்காவலனும் தத்தம் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றதை அப்போஸ்தலர் பணி 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவ்வீடுகளில் கைக்குழந்தை இருந்தது என்று அந்நூல் சொல்லவில்லை. பிள்ளைகளை வெளியே நிறுத்தினார்கள் என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் நகரில் புனித சிப்பிரியானும் 66 ஆயர்களும் கூடி ஆராய்ந்த கேள்வி குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பதன்று. பிறந்து எட்டாம் நாள்வரை காத்திருக்க வேண்டுமா என்பதே. வேண்டாம், உடனே கொடுங்கள் என்று அவர்கள் விடை பகர்ந்தனர். குழந்தை ஒன்றும் செய்யவில்லையே என்பதுதான் இதன் உட்பொருள். நாம் இறைவனைத் தேடுவதற்குமுன் அவர் நம்மை ஏற்றுக்கொள்கிறார். தாய்ப்பாலுக்குத் தகுதி பார்த்து எந்தத் தாய் கொடுத்தாள்?

ஆயினும் நம் பக்கத்திலும் குற்றம் உண்டு. விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தாலன்றிக் குழந்தைக்கு ஞானஸ்நானம் தரலாகாது என்பதை 1980-ஆம் ஆண்டு உரோமை வெளியிட்ட போதனை நினைவூட்டியது. நாம் என்ன செய்கிறோம்? மண்டபம் பிடிக்கிறோம், வீடியோகாரரைப் பிடிக்கிறோம், சங்கிலி போடக்கூடிய உறவினரைப் பார்த்து ஞானத்தந்தையாகப் பிடிக்கிறோம். பிரியாணி ஆறிவிடும் என்று பூசையிலேயே கைக்கடிகாரம் பார்க்கிறோம். பிறகு அந்த ஞானத்தந்தை அக்குழந்தைக்கு ஒரு செபமாவது சொல்லிக்கொடுத்தாரா? பங்குக்குருவாகிய நான் ஒரு வீட்டிலாவது போய்க் கேட்டேனா? இருபத்தைந்து ஆண்டுகளாக எவரும் விளக்காத ஒன்றை அந்தத் தம்பிக்கு வேறொருவர் விளக்கினார், அவர் போய்விட்டார்.

மேலே வந்து, மேற்குத் திசையில் கால்மணி நேரம் நடந்து புனித அம்புரோசியார் ஆலயத்தை அடைந்தேன். செங்கல்லாலான பழைமையான ஆலயம். அம்புரோசியாரே 386-இல் அர்ச்சித்த ஆலயம் நின்ற இடம். அவ்வாண்டில்தான் இங்கே வேதசாட்சிகளான ஜெர்வாசியுஸ், புரொத்தாசியுஸ் இருவரின் உடல்களைக் கண்டெடுத்து அடக்கம் செய்தார். 397-இல் தாமும் மறைந்து அவர்களோடு சேர்ந்தார். பலிபீடத்தின் கீழுள்ள நிலவறையில், கண்ணாடிப் பேழைக்குள், திருவுடைகள் அணிந்த மூன்று எலும்புக்கூடுகள். நடுவே ஆயர். முதலில் பார்க்கும்போது சற்றே திகைப்பாக இருக்கும். சிறிது நேரத்தில் அது பழகிவிடுகிறது.

இந்தச் சிறிய எலும்புக் கை ஒரு பேரரசனுக்கு எழுதிய கடிதத்தை எண்ணினேன். 390-ஆம் ஆண்டில் தெசலோனிக்கா நகரில் ஒரு படைத்தலைவரைக் கலகக்காரர்கள் கொன்றுவிட்டனர். சினங்கொண்ட பேரரசர் தெயொதோசியுஸ் பழிவாங்க ஆணையிட்டார். விளையாட்டரங்கில் கூடியிருந்த மக்கள், குற்றவாளி யார், வழிப்போக்கர் யார் என்ற வேறுபாடின்றி வெட்டிக் கொல்லப்பட்டனர். பேரரசரோ பத்தாண்டுகளுக்குமுன் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். பிறர் கண்ணில் படாதிருக்க அம்புரோசியார் தம் கைப்படவே அவருக்குக் கடிதம் எழுதினார். தாவீது அரசன் செய்த கொலையையும், நாத்தான் இறைவாக்கினர் அவனுக்குமுன் நின்றதையும், அரசன் தன் பாவத்தை ஏற்றுக்கொண்டதையும் நினைவூட்டினார். நீர் ஆலயத்தில் இருக்கும்போது என்னால் பலி ஒப்புக்கொடுக்க இயலாது என்றார். ஆலய வாயிலில் ஆயர் கைநீட்டி அரசரைத் தடுத்ததாக ரூபென்ஸ் முதலிய ஓவியர்கள் தீட்டிய காட்சி பிற்காலத்தார் சேர்த்தது என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். கடிதமே போதும்; அது இன்றும் நம்மிடம் உள்ளது.

அரசர் பணிந்தார். அரச அணிகளைக் களைந்துவிட்டு ஆலயத்தில் எல்லோரும் காண அழுததாக, ஐந்தாண்டுகளுக்குப்பின் அவருடைய அடக்கச் சடங்கில் அம்புரோசியாரே சாட்சி கூறினார். அந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவில் அவர் மீண்டும் திருவிருந்தில் சேர்க்கப்பட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், அன்பர்களே. அம்புரோசியார் அவரை மறுபடியும் எண்கோணத் தொட்டிக்கு அழைத்துச் செல்லவில்லை. எத்தனை பேருடைய இரத்தக்கறை படிந்த கை! ஆயினும் பத்தாண்டுகளுக்குமுன் அவர்மேல் பதிந்த முத்திரை அழிந்துவிட்டது என்று ஆயர் சொல்லவில்லை. முத்திரை இருந்ததாலேயே அவரைக் கண்டிக்க முடிந்தது. ஞானஸ்நானம் ஒருமுறைதான், மனந்திரும்புதலோ வாழ்நாள் முழுவதும். ஞானஸ்நானத்தின் தண்ணீர் ஒன்று, மனவருத்தத்தின் கண்ணீர் ஒன்று, இரண்டும் திருச்சபையிடம் உண்டு என்ற கருத்தை அவர் ஒரு கடிதத்தில் குறித்துள்ளார். பெரும்பாவத்தை மன்னிக்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று வாதிட்ட நொவாசியார் என்னும் பிரிவினரை மறுத்து அவர் ஒரு நூலே எழுதினார். அதில் அவர் கேட்கும் கேள்வி கூர்மையானது: மனிதரால் பாவத்தை மன்னிக்க இயலாதென்றால் நீங்கள் ஏன் ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள்? அங்கும் மன்னிக்கப்படுவது பாவந்தானே!

இதனாலேதான் பிற சபைகளில் தண்ணீரால், தமதிரித்துவத்தின் பெயரால் முறையாக ஞானஸ்நானம் பெற்று வருவோருக்கு நாமும் மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. கொடுப்பவரின் தகுதியைப் பொறுத்ததன்று, அது கிறிஸ்துவினுடையது என்பதைத் தொனாத்தியர் என்ற பிரிவினரோடு வாதாடி நிலைநாட்டியவர் அகுஸ்தினார். நம் ஏட்டிலுள்ள ஒரு பெயரை அடிக்கப் பங்குக்குருவால் இயலாது. பேனாவால் அடிக்கலாம், வேறொன்றும் நடவாது. இதை அறிந்திருந்தும் நான் அன்று அவ்வாறு கேட்டேன்.

வேதத்தின் அதிகாரம் என்ற மூன்றாவது கேள்விக்கும் மிலானில் விடை தேடினேன். அகுஸ்தினார் 19 வயதில் விவிலியத்தைத் திறந்து, சிசெரோவின் நடைக்குமுன் இது என்ன நடை என்று மூடிவிட்டவர். பழைய ஏற்பாட்டைத் தள்ளிய மானிக்கேயரோடு ஒன்பது ஆண்டுகள் திரிந்தவர். 384-இல் சொற்கலை ஆசிரியராக இந்நகருக்கு வந்து, அம்புரோசியாரின் பேச்சழகைக் கேட்கவே கோவிலுக்குப் போனார். அழகோடு பொருளும் உள்ளே புகுந்துவிட்டது. ஆயரைக் காணச் சென்றபோதெல்லாம் அவர் வாய் அசையாமல், கண்மட்டும் பக்கத்தில் ஓட, வேதத்தை வாசித்துக்கொண்டிருப்பார்.  தொந்தரவு செய்ய மனமின்றி அகுஸ்தினார் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். 386 கோடையில், தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தவரின் காதில் ஒரு பிள்ளையின் குரல் எடுத்து வாசிக்கச் சொன்னது. சின்னப்பரின் திருமுகத்தைத் திறந்தார். உரோமையர் 13-ஆம் அதிகாரத்தின் இறுதி வரிகள் அவரைத் திருப்பின. வேதமே அவரை வென்றது. அதில் ஐயமில்லை.

ஆனால் அதன்பின் எதை வாசிக்கலாம் என்று ஆயரைக் கேட்டு, எசாயாவைத் தொடங்கி, முதற்பகுதியே விளங்காமல் மூடிவைத்தவரும் அவரே. எல்லாம் எல்லோருக்கும் தானே விளங்கிவிடும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரம் தம்மைத் தூண்டியிராவிட்டால் நற்செய்தியையே நம்பியிருக்கமாட்டேன் என்ற பொருள்பட மானிக்கேயருக்கு எழுதினார். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எவை வேதநூல்கள், எவை அல்ல என்ற பட்டியல் வேதத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அவர் காலத்தில்தான் 393-இல் ஹிப்போவிலும், 397-இல் கார்த்தேஜிலும் ஆயர்கள் கூடி அப்பட்டியலை ஏற்றனர். எழுதியிருக்கிறதா என்று கேட்பவர் கையிலுள்ள நூலை ஒன்றுசேர்த்து அவரிடம் கொடுத்தது திருச்சபை. அதற்காகத் திருச்சபை வேதத்திற்கு மேலே ஏறி நிற்பதில்லை. ஆசிரிய அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதன்று, அதற்கு ஊழியம் செய்வது என்பதை 1965 நவம்பர் 18-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக அறிவித்தது. விசுவாசிகள் அனைவருக்கும் வேதம் எளிதில் கிடைக்கவேண்டும் என்றும் கூறியது. கிடைக்கிறது, பல வீடுகளில் சரிகைத் துணி போர்த்தி, மாதா சுரூபத்தின் அருகில், தூசி படாமல் இருக்கிறது! அந்தத் தம்பியின் நூலில் இருந்த கோடுகளை நினைத்தேன். என் நூலில் அத்தனை கோடுகள் இல்லை.

மாலையில் பேராலயத்திற்குத் திரும்பினேன். நிலவறையில் பளிங்குப் பேழையில் புனித சார்லஸ் பொரோமேயு துயில்கிறார். 1576 கொள்ளைநோயின்போது கழுத்தில் கயிறும் வெறுங்காலுமாக இத்தெருக்களில் பவனி நடத்திய பேராயர். பாவசங்கீர்த்தனம் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே சிறுதுளைத் தடுப்பு வேண்டும் என்று விரிவாக வகுத்து, 1577-இல் ஆலயக் கட்டட விதிகளில் எழுதியவரும் அவரே. நம் ஊர்க் கோவில்களின் மூலையில் மரத்தாலான அந்த இருக்கையைக் காண்கிறோமே, அது பரவியதில் இந்நகருக்குப் பெரும் பங்குண்டு.

அத்தகைய இருக்கை ஒன்றில் ஆங்கிலம் அறிந்த முதிய குரு ஒருவர் இருந்தார். முழந்தாளிட்டேன். தடுப்பின் மறுபுறத்திலேயே இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்து பழகியவனுக்கு இந்தப் பக்கம் எப்போதும் கடினமானதே. பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இளைஞனைப் போய்ப் பார்த்தீரா?" என்றார். "இல்லை" என்றேன். "அதுவே அபராதம்" என்றார்.

ஊர் திரும்பி, அக்டோபர் மாதத்தில் ஒருநாள் திருப்பூருக்குப் பேருந்து ஏறினேன். இரண்டாம் மாடியில் ஓரறை வீடு. கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் அதிர்ந்து, பிறகு, "வாங்க சாமி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருடைய இளம் மனைவி தேநீர் கொண்டுவந்தார். நிறைமாதம் நெருங்கிய தளர்ந்த நடை.

"தம்பி, அன்றைக்கு நான் கேட்டது தப்பு. உன் பெயரை அடிக்க எனக்கு உரிமை இல்லை; யாருக்கும் இல்லை. மன்னித்துவிடு" என்றேன்.

அவர் தலைகுனிந்தார். "நானும் அம்மாவைக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம் சாமி" என்றார். அதன்பின் கைப்பேசியில் நான் எடுத்துவந்த அந்தத் தொட்டியின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரியா நாட்டு நாமான் யோர்தானில் ஏழுமுறை மூழ்கியதை எடுத்து அம்புரோசியார் ஞானஸ்நானத்தை விளக்கினார் என்று சொன்னபோது, தம் விவிலியத்தை எடுத்து அந்த அதிகாரத்தைத் திறந்தார். இருவரும் வாசித்தோம். அவர் சில இடங்களில் என்னோடு இசையவில்லை. ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகிவிட்டது.

நான் புறப்படும்போது படிக்கட்டுவரை வந்தார். "தை மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள் சாமி" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். நான் கேட்க நினைத்ததை அவரே புரிந்துகொண்டார்போலும். "பிறக்கட்டும் சாமி. அம்மாவும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நீங்கள் மறுபடி வாருங்கள், பேசுவோம்" என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.